அறுபத்தாறு அடி

ஆறாவது பொருள்:
ஹாலெட் ஏரிக்கரைப் புறம்போக்கு,
நீரோரம் அறுபத்தாறு அடி அகலம்,
கரைவீட்டுக்காரர்களுக்கு விற்பது குறித்து.

தட்டச்சு செய்தது நான்தான்.
பதினேழு வருடமாக இந்த ஊராட்சியில்
கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது, அது வரும்.
யாருக்குக் குரல் உடைந்தது, அது வராது.

அறுபத்தாறு அடி என்பது ஒரு சங்கிலி.
நிலம் அளக்க வந்தவன் இழுத்துத் திரிந்த
நூறு கண்ணி இரும்பு.
ஏரியைச் சுற்றி ஒரு சங்கிலி தூரம்
எவர் பெயரிலும் இல்லை என்று எழுதிப் போனான்.
மரம் இழுக்க, படகு ஒதுங்க,
புயலில் மாட்டியவன் நெருப்பு மூட்ட.

"எவர் பெயரிலும் இல்லையா?"
பின்வரிசையில், கோட்டைக் கழற்றாமல்,
வெர்னெட் ஷவாண்டா.
"அன்றைக்கு அங்கே எங்கள் வலை காய்ந்துகொண்டிருந்தது.
அந்த ஆள் அதைத் தாண்டித்தான்
சங்கிலியை இழுத்திருக்க வேண்டும்."
இன்றைய பொருளில் அது இல்லை என்றார் தலைவர்.
குறிப்பில்: பொதுமக்களில் ஒருவர் பேசினார்.

பிறகு ப்ரூவிட்.
கெட்டவர் என்று எழுதிவிட்டால் எளிது.
மகளின் சக்கர நாற்காலி இறங்க
தன் கையால் போட்ட சரிவுப்பலகை
புறம்போக்கில் நிற்கிறது.
"நாளைக்கு ஒருவர் வந்து பிடுங்கச் சொன்னால்?"
என்று கேட்டு, கேட்டதையே மறந்தவர்போல
கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐலி கோர்பெலா எழுந்து நிற்கவேயில்லை.
"ஜனவரியில் நான் எந்த வழியாக இறங்குவேன்?"
தூண்டிலும் பனித்துளைக் கருவியும் ஏற்றிய சறுக்குவண்டியை
இரண்டு வீடுகளுக்கு இடையே
முப்பது குளிர்காலம் இழுத்தவள்.
அரசுத் துறை இருக்கிறதே என்றார்கள்.
பதினோரு கிலோமீட்டர்.
அவள் கார் ஓட்டுவதில்லை.

ஹாக்கி அரங்கின் கூரை ஒழுகுகிறது.
விற்ற பணம் கூரைக்கு.
என் பையன் அங்கேதான் விளையாடுகிறான்,
ஒழுகும் இடத்தில் வாளி வைத்து
அதையும் ஓர் எதிராளியாக நினைத்து
வளைந்து போகிறான்.
அதனால் என் கையைப் பற்றி நான் பேசமாட்டேன்.
எனக்கு வாக்கு இல்லை என்பது
அன்று வசதியாக இருந்தது.

ஆதரவு மூன்று. எதிர்ப்பு இரண்டு.
கூட்டம் முடிந்தது 9.52.

பனி உருகியதும் நில அளவர் வந்தார்,
ரெஜான் லாவிக்ன்,
மார்பு வரை ரப்பர் உடுப்பு.
பழைய கல்லைத் தேடித் தேடி
ஏரிக்குள்ளேயே நடந்து போனார்.
இருபத்தாறில் அணை கட்டினார்களே,
நீர் அப்போது ஏறியிருக்கிறது.
சங்கிலிக்காரன் பார்த்த கரை
இப்போதைய கரை அல்ல.

அறுபத்தாறில் நாற்பத்தொன்று
தண்ணீருக்கு அடியில்.
மூழ்கிய நிலத்தை விற்க விதி இடம் தராது.
மிச்சம் இருபத்தைந்து அடி போயிற்று,
வேலி வந்தது,
நீலப் பலகையில் குடும்பப் பெயர்கள் வந்தன.
நாற்பத்தொரு அடி இன்னும் நம்முடையது.
அங்கே யாரும் நிற்கலாம்.
போய்ச் சேரத்தான் வழியில்லை.

ஜூலையில் ஒருநாள்
அரசுத் துறையிலிருந்து துடுப்புப் போட்டுப் போனேன்.
தோள் வலித்தது.
படகிலிருந்து இறங்கினேன், இடுப்பளவு நீர்.
காலில் ஓர் அடிமரம் தட்டியது,
நீர் ஏறுமுன் வெட்டியது,
வெட்டுவாய் இன்னும் சொரசொரப்பாக.
அதன்மேல் ஏறி நின்றேன்.
பொதுச் சொத்தின் மேல் நிற்கும் ஒரு பெண்,
சட்டப்படி, நடுங்கிக்கொண்டு.

சரிவுப்பலகையின் நுனியில்
ப்ரூவிட்டின் மகள்,
சக்கரங்களுக்குத் தடை போட்டு,
நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.
"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?"

மூக்குக்கண்ணாடி என்றேன்.
அது என் மூக்கில்தான் இருந்தது.