ஒரு நெடில் தூரம்

ஔலு நகரில் உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு.
பனிவாரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு
துய்ரே கையுறையைப் பல்லால் இழுக்கிறாள்.

தொடுதிரைப் போன்; இன்னும் ஒன்பது தவணை பாக்கி.
எழுதுகுச்சி முதல் வாரமே தொலைந்தது,
இப்போது காதணியின் கொக்கி.
காலையில் மூலைக்கு மூலை சிலுவைக்குறி காட்டி
இங்கே தொடு, இங்கே தொடு என்றது.
தொட்டாள்.
அப்படியும் பக்கத்து எழுத்தில்தான் போய் விழுகிறது.
அழுத்தினால் யோசிக்கிறது.
அது யோசித்து முடிப்பதற்குள்
விரல் நுனி நீலம்.

'உன்னைச் சந்திக்கிறேன்' என்றுதான்
தௌனோவுக்கு அடித்தாள்.
பின்னிஷ் மொழியில் சந்திப்பதற்கும் கொல்வதற்கும்
நடுவே ஒரே ஒரு நெடில்.
இரண்டு முறை தொட்டதில்
ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டது திரை.

'உன்னைக் கொல்கிறேன்.'
போயே போய்விட்டது.
கூடவே திரையும் அணைந்தது.

வண்டியின் சூட்டுத்துளை மேல் வைத்து
கோழி போல அடைகாத்தாள்,
தெரிந்த வசவெல்லாம் வைதபடி.

ஏழு நிமிடம். உயிர் வந்தது, பதிலோடு:

'சரி. எத்தனை மணிக்கு?
மீன் சூப் வைத்திருக்கிறேன்.
குடித்த பிறகா, அதற்கு முன்னாலேயா?'

அவள் சிரித்ததில்
முன்கண்ணாடி முழுக்க ஆவி.
திருத்தப் போன விரல் திரும்பிக்கொண்டது.

'ஏழரைக்கு. பிறகு.'

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.