ஒன்றேகால் அங்குலம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து
பந்தல் கம்பி ஏற்ற லோரி வந்த காலையில்
மைலோ டின்னுக்குள், பென்ஷன் கடிதங்களுக்கு அடியில்
கிடைத்தது:
பித்தளைச் சட்டத்தில் மூன்று பட்டைகள்,
பின்னால் துருவேறிய ஊசி.

பகாவில் இதையெல்லாம் யாரிடம் கேட்பது?
மாஜி வீரர் சங்கத்தில் சார்ஜன் ஹம்சா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
கத்தரிப்பூ நிறம், நடுவில் பச்சை:
"இது அவசரகாலம். எஸ்.சி.யாக இருந்தார் இல்லையா?"
இருந்தார். துரை காரின் பின்சீட்டில்
துப்பாக்கியோடு உட்கார்ந்தவர்.
அடுத்தது சுதந்திரத்துக்குப் பிறகு தந்தது;
ஹம்சாவிடமும் ஒன்று உண்டு.
மூன்றாவதை மட்டும்
ஜன்னல் பக்கம் திருப்பினார், விளக்குப் பக்கம் திருப்பினார்.
மண் நிறம். நடுவில் ஒரு நீலக்கோடு,
அதுவும் கோணல்.
"எந்த ராஜாங்கமும் இவ்வளவு முரட்டு ரிப்பன் நெய்யாது, தணி."
திருப்பித் தரும்போது சொன்னார்:
"உன் அப்பாவுக்கு வரிசை தெரியவில்லை.
நெஞ்சின் நடுப்பக்கம் வருவதுதான் பெரிய பதக்கம்.
அங்கே போய் இதை வைத்திருக்கிறார்."

நாணயக்கடை லியோங் தடித்த புத்தகத்தில்
ஆஸ்திரியாவில் தொடங்கி யுகோஸ்லாவியா வரை புரட்டினார்.
மற்ற இரண்டுக்கும் எண்பது வெள்ளி தருகிறேன்,
இது உன்னிடமே இருக்கட்டும் என்றார்.

நான் செம்பனை ஆலையில் எடைக் கிராணி.
எதையும் ஒரு பெயரின் கீழ் எழுதாமல்
எனக்குத் தூக்கம் வராது.

பழைய சந்தை வரிசையில் தையல்காரி செங்கமலம்
எந்த நாடு, எந்தச் சண்டை, ஒன்றும் கேட்கவில்லை.
ஓரத்தில் ஓர் இழை உருவினாள்,
சாமி விளக்கில் காட்டினாள், மோந்தாள்.
"பட்டுன்னா மயிர் கருகின வாடை வரும்.
பஞ்சுன்னா காகிதம்.
இது கயிறு எரியற வாடைண்ணே.
சாக்கு. அரிசி மூட்டைக்கு நீலக்கோடு போடுவாங்களே, அது."
தையலைத் தடவிப் பார்த்தாள்.
"ஆம்பள தச்சது. முடிச்சு மட்டும் மூணு."

சயாமுக்குப் போனபோது அப்பாவுக்குப் பதினெட்டு.
எங்கள் லயத்திலிருந்து முப்பத்தொரு பேர்,
ஒரே லோரியில்.
தண்டவாளம் போட்ட கதையைக் கேட்டால்
அங்கே மழை அதிகம் என்பார்.
ஒரே ஒருமுறை, என் கல்யாணத் துணிக்கு
விலை பேசிக்கொண்டிருந்த கடையில்
யாரிடமோ சொல்வதுபோல:
"ரெண்டரை வருஷம் சாக்குதான் கட்டினோம்.
அவுத்தா தோலும் கூட வரும்."
கடைக்காரர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

பிரிந்த ஓரத்தை மடித்துக்கொண்டே
செங்கமலம் கேட்டாள், "வரிச மாத்தித் தைக்கட்டா?"
வேண்டாம் என்றேன்.
எரிந்த இழை போக
ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு நூல் குறைந்திருந்தது.
மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆலையில் ஒரு படிவம் எடுத்தேன்.
நிறம் எழுதினேன். அகலம் எழுதினேன்.
பெயர் என்ற கட்டத்தில் பேனா நிற்க,
வெளியே ஹாரன்.
குலை ஏற்றிய லோரி எடைமேடையில் ஏறியது.
நிறைந்து வரும்போது ஓர் எடை,
வெறுமையாய்த் திரும்பும்போது ஓர் எடை.
கழித்து எழுதுவதுதான் என் வேலை.