சிவப்பு மையில் அடுப்படி

கோட்டையூர் பேரூராட்சி அலுவலகத்தில்
விசிறிக்குக் கீழே கல் வைத்தால்தான் தாள் நிற்கும்.
கல் இல்லை. சிகப்பி ஆச்சி
கைப்பையை வைத்தார்.

கேட்டது ஒரு குளியலறை.
ஆறுக்கு ஐந்து, கீழ்த்தளத்தில்.
வீட்டுக்காரருக்கு முழங்கால் மாற்றி மூன்று மாதம்;
கொல்லைக் கழிப்பறைக்கு நாலு படி,
மழை பெய்தால் அது நாற்பது.

நான் வரைபவன். உரிமம் உண்டு.
நாடாவும் உண்டு, முதல் அங்குலம் அறுந்தது;
எதை அளந்தாலும் ஒன்று கழிக்கணும்.

முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு
என்றது படிவம்.
வீடோ தெருவுக்குத் தெரு.
பாகம் பிரிந்தபோது இவருக்குப் பின்கட்டு;
வீட்டின் பின்வாசல்தான் இவருக்கு முன்வாசல்.
எந்தக் கட்டத்தில் எதை எழுத?
எழுத்தர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.
"தபால்காரர் எந்தப் பக்கமா வருவாரு?"
அந்தப் பக்கம் முன்புறம் ஆயிற்று.

பட்டா, மூலப்பத்திரம், வரி ரசீது,
பங்காளிகள் மூவரின் சம்மதம்.
ஈப்போக்காரர் கையெழுத்து கைப்பேசியில் வந்தது,
கூடவே ஒரு கேள்வியும்:
"எங்க சுவத்துல ஆணி அடிப்பீகளா?"

பக்கத்தில் விடவேண்டிய இடத்துக்கு
ஒன்பது அங்குலம் குறைந்தது.
சுவரை உள்ளே இழுத்தேன்.
ஆறடி ஐந்தேகால் ஆனது.
அதற்கும் சம்மதித்தார்.

பிறகுதான் பழைய அனுமதி வரைபடத்தை விரித்தார்கள்.
குளியலறை ஒட்டிக்கொள்ளப் போகிற அடுப்படி
அதில் இல்லவே இல்லை.
அந்த இடத்தில், யாரோ சாய்த்து எழுதிய
'திறந்தவெளி'.

முப்பத்தோரு வருஷம்.
ஆச்சி கோபப்படவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்:
"அப்ப நான் எங்க நின்னு சமைச்சேன்?"

எழுத்தர் கைப்பையை நகர்த்தி
தாளின் ஓரத்தை நீவிவிட்டார்.
அவர் வீட்டு மாடியிலும் ஓர் அறை உண்டு.
எனக்குத் தெரியும்,
நான்தான் வரையாமல் விட்டேன்.

இருப்பது கறுப்பில், வரப்போவது சிவப்பில்:
இது எங்கள் வழக்கம்.
அன்றிரவு அடுப்படியைச் சிவப்பில் போட்டேன்.
மேடை, தொட்டி, புகைபோக்கி,
முப்பத்தோரு வருஷத்துக் கரி படிந்த சுவர்,
எல்லாம் இனிமேல்தான் எழும்பப்போவதுபோல.

காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.
கிழக்கு ஜன்னலில் விரல் நின்றது.
"இது இன்னும் கட்டாததுதானே?
கொஞ்சம் பெருசாப் போடுங்க."