உடைக்காத கடிதம்

ஓல்டன் ஸ்டேஷனில் ரயில் தவறவிட்ட மாலை
யூர்க் மடிக்கணினியைத் திறந்து
"எட்டு மாதம்" என்றான்.
எட்டு மாதம், என் சேமிப்பில் முப்பதாயிரம் பிராங்க்:
ஜெர்மன் கடிதத்தைப் படம் பிடித்தால்
தமிழில் சொல்லும் செயலி.

ஆரே ஆற்றில்கூட
காலை விடுமுன் விரலை விடுகிறவள் நான்.
மூன்று வாரம் என்றேன்.
செயலி இல்லாமல்.

தமிழ்க் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே
ஒரு துண்டுச் சீட்டு:
கடிதத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்,
அரை மணியில் தமிழில் வரும்,
ஒன்றுக்கு இரண்டு பிராங்க்.
இயந்திரம் என்று எழுதவில்லை.
ஆள் என்றும் எழுதவில்லை.

நான்கு நாள் சத்தமே இல்லை.
ஐந்தாம் நாள் ஒருவர் கேட்டார்,
சிவப்பரிசி மா வந்துவிட்டதா என்று.
யூர்க் அதையும் அட்டவணையில் ஏற்றினான்,
'பிற' என்ற கட்டத்தில்.

பிறகு வரத் தொடங்கின.
மருத்துவக் காப்புறுதி, வரிக் கந்தோர்,
பிள்ளையின் பல் பரிசோதனை,
இரவு பதினொன்றரைக்கு
எண்ணெய் விரல் பதிந்த இரண்டு பக்கம்,
உணவகச் சமையலறையிலிருந்து மயூரதன்.
பல் தீட்டியபடியே மொழிபெயர்த்தேன்
வரி வரியாக, சட்ட இலக்கங்களோடு.
பதில் வந்தது:
"நன்றி. பயப்பிட வேணுமோ?"

அடுத்தவரும் அதையே கேட்டார்.
அதற்கடுத்தவர் நான் எழுதியதைத் திறக்காமலே கேட்டார்.
நாற்பத்தொரு கடிதம்.
இருபத்தொன்பது பேருக்கு அந்த ஒரே கேள்வி.
காசு தந்தவர்கள் பதினேழு.
அதிகம் தந்தவர் ஐந்து பிராங்க்.
அவருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:
"விளம்பரம். குப்பையில் போடலாம்."

யூர்க்கின் கண் மின்னியது.
"அப்படியானால் மொழிபெயர்ப்பே வேண்டாம்.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
இரண்டு மாதம் போதும்."

அந்தக் கிழமைதான்
புஷ்பகாந்தி அழுதபடி கூப்பிட்டார்.
பயமில்லை என்று நான் சொன்ன கடிதத்துக்கு
இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது.
கெடு தேதி அதில்.
நேற்று முடிந்த தேதி.

காலை எட்டு மணிக்கு அலுவலகத்தை அழைத்தேன்.
மூன்று பேரிடம் மாறி மாறி
என் தெளிவான ஜெர்மனில் கெஞ்சினேன்.
பத்து நாள் தந்தார்கள்.
அதை எந்த நிறத்தில் போடுவது என்று கேட்டேன்.
யூர்க் கணினியை மூடி
ஆறிப்போன காப்பியைக் குடித்தான்.

பழைய சீட்டைக் கிழித்தபோது
சுவர்ச் சாயமும் கொஞ்சம் கூடவே வந்தது.
கடைக்காரர் முறைத்தார்.
புதியதில் எழுதினேன்:
எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள்.
வாசிப்பது ஒரு மனுசி.
ஐந்து பிராங்க்.

பஸ் நிறுத்தத்துக்கு வருமுன்பே போன் அதிர்ந்தது.
மேசைமேல் ஒரு வெள்ளை உறை,
மூலையில் அரச முத்திரை,
ஒட்டிய வாய் ஒட்டியபடியே.

"இன்னும் உடைக்கேல்லை.
வெளியால பார்த்துச் சொல்ல ஏலுமோ?"