கீறல் கணக்கில் வராது

எழுத்துக்கு ஆறு யூரோ.
உச்சியில் போடும் கீறல் கணக்கில் வராது என்றேன்.
கைப்பையைத் திறந்தபடியே நின்றாள்
நிவெஸ் தொனரெல்லி, கர்ராராவின் மேல்தெருக்காரி.
புருஷன் எல்வீனோ போய் நாற்பது நாள்.

சுவர்க் கல்லறைக்கான பலகை, ஒரு முழம் அகலம்.
கண்ணாடி போடாமல் படிக்க வேண்டுமாம்,
அதனால் வரிக்கு ஐந்து எழுத்துதான் கொள்ளும்.
ரொட்டிக்கடைத் தாளில் எழுதி வந்திருந்தாள்:
உழைத்தான். மீன் பிடித்தான். நேசித்தான்.

முதல் சொல்லே முரண்டு பிடித்தது.
லவொரோ. ஆறெழுத்து, மூன்று அசை.
அசைக்கு நடுவே உளி இறங்கக் கூடாது.
லவொ மேலே, ஒரு சிறு கோடு,
ரோ தனியாகக் கீழே.
மேல்வரியை மட்டும் படித்தால்
லாவொ, 'துவைக்கிறேன்'.
மேசையைத் தட்டிச் சிரித்தாள், கல்தூசு எழும்பியது.
முப்பத்தோரு வருஷம்
ஸ்பெசியா ஆஸ்பத்திரிச் சலவையறையில் நின்ற மனுஷன்,
செத்தும் துவைக்கிறானா?
இருக்கட்டும், விடுங்கள்.

பெஸ்கோ தொல்லை தரவில்லை.
கீறலை மறந்தால் பீச் மரம் ஆகிவிடும்,
மறக்கவில்லை.

கடைசிச் சொல்லுக்குப் பென்சிலை எடுத்தபோது
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
அமோ வேண்டாம். ஆமொ.
வாலில் கிடந்த அழுத்தத்தைத் தூக்கித்
தலையில் வைத்தாள், அவ்வளவுதான்,
நேசித்தான் போய் நேசிக்கிறேன் வந்தது.
"அவன் செய்தானா, எனக்குத் தெரியாது.
வாய் திறந்து சொன்னதில்லை.
செய்துகொண்டிருப்பது நான்."
ஆமொ என்றால் தூண்டில் முள்ளும்தானே என்றேன்.
அது அவனுக்குப் பிடிக்கும் என்றாள்.

நவம்பரில், இறந்தோர் நாளுக்கு மறுநாள், மறுபடி வந்தாள்.
யாரோ சாவியால் பிழை திருத்தியிருந்தார்கள்.
கொழுந்தனாக இருக்கும். தபால் நிலையத்தில் வேலை,
ஊர்ப்பெயரில் ஓரெழுத்து தப்பினாலும்
கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற ஆள்.
பளிங்குத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
காசு வாங்கவில்லை.
கீறல்தான் கணக்கில் வராதே.

ஆனால் அடைத்த இடம்
ஈரத்தை வேறு மாதிரி குடிக்கிறது.
மழை பெய்தால் அந்த வட்டத்தின் தலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு: நேசித்தான்.
பத்து மணி வெயிலில் காய்ந்துவிடும்.

நிவெஸிடம் இதைச் சொல்லவில்லை.
முழங்கால் வலிக்காரி, மழையில் அந்த மேட்டை ஏற மாட்டாள்
என்று நினைத்திருந்தேன்.
நேற்று நல்ல மழை.
குடையோடு போனாள்.