நேர்கோடு

ஆகஸ்ட் பிறந்தால் என் மேசைக்குப் புழுக்கள் வரும்.
தயிர் டப்பாவில், ஊறுகாய்ப் பாட்டிலில்,
ஒருமுறை மோதிரப் பெட்டியில்.
வேலிமரத்தில் தொங்கிய புழுப்பைகளைக்
காய்களென்று நம்பிக்
கிறிஸ்துமஸ் வளையத்தில் கட்டியவள்
மறுகோடையில் மொட்டைக் கிளையோடு வந்தாள்.
நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று
அயோவாவின் எந்தக் கவுண்டி அலுவலகத்திலும்
விதி இல்லை. இருந்தாலும்.

வெர்லின் ஓஸ்ட்ரா கொண்டுவந்தது
மாத்திரைப் பெட்டியில். ஏழு நாளுக்கு ஏழு அறை.
செவ்வாயில் புழு, மண்ணோடு, பிறைபோல் சுருண்டு.
புதனில் இரண்டு மாத்திரை.
வியாழனில் இரண்டு.
அன்று வெள்ளிக்கிழமை.

"பக்கத்து வீட்டு ரோஜாவிலிருந்து வந்தது இது.
அந்த போஸ்னியாக்காரி வீட்டில்தான் ஜப்பான் வண்டுகள்
வெண்கலச் சட்டை போட்டு விருந்து தின்கின்றன.
முட்டையிட மட்டும் என் புல்வெளி."
வண்டு அப்படிச் செய்யக்கூடியதுதான்.
அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் புழுவின் முகத்தைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது.
புரட்டிப் போட்டு
வாலடி முட்களை லென்சில் படிக்க வேண்டும்.
ஜப்பான் வண்டின் பிள்ளைக்கு
இரண்டு வரிசை முட்கள் சாய்ந்துபோய் ஒரு நுனியில் கூடும்.
இதற்கு வரிசையே இல்லை,
கைதவறிக் கொட்டிய கடுகு.
"இது இங்கேயே பிறந்தது, உங்களைப் போல" என்றேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

திங்களன்று அவர் வீட்டுக்குப் போனேன்.
சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தோம்.
ஒரு மண்புழு எரிச்சலோடு மேலே வந்தது.
அடி வெட்டிய காப்பித் தகரத்தை மண்ணில் அழுத்தி
நீர் நிரப்பினேன். ஒன்றும் மிதக்கவில்லை.
வேர் தின்னப்பட்ட புல் இழுத்தால் பாய்போலச் சுருண்டு வரும்.
இது மண்ணை விடவில்லை.
ஓரடிச் சதுரம் வெட்டித் திருப்பினால்
இரண்டே புழு.
இரண்டு வாய்க்கு இத்தனை பசி ஏது?

பிறகு என் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று பார்த்தேன்.
மஞ்சள் பட்டைகள்.
கேரேஜிலிருந்து வேலிவரை, ஒரே அகலத்தில்,
வேலியோரம் வளைந்து மறுபடி கேரேஜுக்கு.

புழு நேர்கோட்டில் தின்னாது.

கேரேஜில் உரம் தூவும் சக்கரவண்டி.
அருகே ஒழுங்காக மடித்த காலிப் பை.
அதன் பின்னால்
அதே ஒழுங்கில் மடித்த இன்னொன்று.
"ஒரு தடவைதான் போட்டேன். ஞாயிறு,
தேவாலயம் முடிந்து வந்ததும்."
நான் இரண்டாவது பையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

வேலிக்கு அப்பால் செனாடா
ரோஜாவைத் தட்டித் தட்டி வண்டுகளை
வாளியில் விழவைத்துக்கொண்டிருந்தாள்.
எங்களைக் கண்டதும் வாளியைத் தூக்கிக் காட்டினாள்,
தன் பங்கைச் செலுத்திவிட்ட கணக்கில்.
அவர் கையசைத்தார். முதல் தடவையாக இருக்கலாம்,
எனக்குத் தெரியாது.

படிவத்தில் 'பூச்சியின் பெயர்' என்றொரு கட்டம்.
"ஏதாவது ஒரு பெயர் எழுதக் கூடாதா?
சனிக்கிழமை டெஸ் மொயினிலிருந்து மகள் வருகிறாள்.
படிப்பாள்."

வெயிலில் பேனா கசிந்தது.
பூச்சி இல்லை, என்று எழுதினேன்.
உரம் கூடிவிட்டது. ஆழமாகத் தண்ணீர் விடவும்.
எத்தனை தடவை போட்டார் என்று
படிவம் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்தார்.
செவ்வாயில் இன்னும் மண்.
புதனும் வியாழனும் நிறைந்தே இருந்தன.
ஒரு மூடியின் மேல் விரல் நின்றது,
அடுத்ததற்கு நகர்ந்தது,
திரும்பி வந்தது.
என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.

"திங்கள்" என்றேன்.