மூன்றாவது உருண்டை

ஹஸ்லினா வீட்டில் குளிரூட்டி பதினெட்டில் ஓடுகிறது.
கேக்குக்காக.
பிள்ளைகள் இருவரும் கூடத்தில், மின்விசிறிக்கடியில்,
கணக்குப் பாடத்தோடு வியர்க்கிறார்கள்.

உட்லண்ட்ஸ், பன்னிரண்டாம் மாடி.
மின்தூக்கிக் கதவு திறந்ததுமே வெண்ணெய் வாசம்
வீட்டு எண் சொல்லிவிட்டது.

"மூன்று அடுக்கு கேட்டிருக்கீங்க.
அதில் எத்தனை உண்மை?"

விழித்தேன்.
விருந்தினர் இருநூறு பேருக்கும்
ஓட்டல்காரன் தன் இனிப்பைத்தான் வைப்பான்.
மேடையில் நிற்பது ஸ்டைரோஃபோம்,
மேலே சர்க்கரைப் பூச்சு.
பின்பக்கம் ரிப்பனுக்குள் ஒரு கீறல் இருக்கும்;
கத்தியை அதில் இறக்கணும்,
ரெண்டு பேரும் சிரிக்கணும்.
படம் எடுப்பவருக்கு எல்லாம் தெரியும்.

எல்லாருமா இப்படி?
முக்கால்வாசி, என்றாள், முட்டைக் கரண்டியை நக்கிக்கொண்டே.

எனக்கு ஓர் அடுக்காவது உண்மை வேண்டும்.
மேலடுக்கு என்றால் மலிவு. சின்னது.
கீழடுக்கு?
"உண்மை தனியா பாரம் தாங்காது.
குமிழித் தேநீர் உறிஞ்சுகுழல் ஆறு வெட்டி
உள்ளே நட்டுடலாம்."
கீழடுக்கு என்றே எழுதச் சொன்னேன்.
எண்பது வெள்ளி கூடுதல்.

பாண்டான், குலா மலாக்கா, கொஞ்சம் உப்பு.
வரப்போகும் மாமியாரிடமிருந்து குரல்பதிவு:
முட்டை வேண்டாம்மா, ஆனா பஞ்சு மாதிரி இருக்கணும்.
ஹஸ்லினா இரண்டாம் முறை கேட்டாள்.
சிரிக்கவில்லை. டின் பால் என்று குறித்துக்கொண்டாள்.

உச்சியில் நிற்க இரண்டு பொம்மைகள்.
கடையில் வருவதெல்லாம் பீச் பழத்தோல்.
மாப்பிள்ளைக்குக் கோட்டு, பெண்ணுக்கு மஞ்சள் கூந்தல்.
சேலை கட்டிவிடலாம், என்றாள்,
ஆனால் முகத்தை என்ன செய்வது?
நானே பிசைகிறேன். நிறம் சொல்லுங்க.

நன்மாறன் ஜூரோங் தீவில், சாரத்தின் மேல்.
அங்கே படம் எடுக்க அனுமதியில்லை.
நாலு வருஷமாய்ப் பார்க்கிற முகத்தை
மனப்பாடமாய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

கோப்பி-ஓ.
காவ் இல்லை.
போவும் இல்லை.

அவளுக்கு அது போதும்.
கோக்கோ, ஒரு துளி சிவப்பு,
குச்சி முனையில் மஞ்சள்.
பிசைந்து நீட்டினாள்.
அவனேதான். காது மட்டும் இன்னும் கறுப்பு.

அடுத்து நான்.
நேற்று ஒப்பனைக்காரி சொன்னாள்,
இரண்டு படி வெளுப்பு, இலவசம்.
இவள் ஏழு உருண்டை உருட்டி
என் முன்கையில் வரிசையாய் வைத்தாள்,
கூடைப்பந்தாட்டத் திடலில்
பிள்ளைகளை நிறுத்துவதுபோல.
ஐந்தாவதா ஆறாவதா என்று குனிந்து பார்த்தவள்
"கடிகாரத்தைக் கழற்றுங்க" என்றாள்.

கழற்றினேன்.
கீழே ஒரு வெளிர்ப் பட்டை,
யாரோ இன்னொருத்தியின் மணிக்கட்டு.
பேருந்து நிறுத்தங்களுக்கும்
பள்ளித் திடலில் நான் நிற்கும் காலைகளுக்கும்
தெரியாத நிறம்.
மூன்றாவது உருண்டை அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

"எதை வைக்க?"

குளிரூட்டி இருமியது.
கூடத்தில் சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டில் மாட்டியிருந்தான்.

ஆறாவதையே வையுங்க, என்றேன்.
மணிக்கட்டில் மட்டும்
ஒரு நூல் அளவு
மூன்றாவது.

"மேடைக்குக் கீழே யாருக்கும் தெரியாதே?"
தெரியாது.
"வளையல் வேற வரும்."
வரட்டும்.

தலையசைத்து எழுதினாள். பாதிப் பணம் கொடுத்தேன்.
மிச்ச உருண்டைகளைச் சின்னப் பையிலிட்டு
கையில் திணித்தாள், வீணாக்க மனமில்லாமல்.

ரயிலில் தின்றால் அபராதம்.
அதனால் நிலையத்துக்கு வெளியே,
மிதிவண்டிகள் சாய்ந்த கம்பியோரம் நின்று
மூன்றாவதை வாயில் போட்டேன்.

வெனிலா.
கொஞ்சம் தித்திப்பு அதிகம்.
பல்லில் ஒட்டியது
உட்லண்ட்ஸிலிருந்து அட்மிரல்டிவரை.